விண்வெளி உடையும் வீட்டுக் கணக்கும்
"அம்மா, நாளைக்கு எனக்கு விண்வெளி வீராங்கனை உடை வேண்டும்!" கடைசி நேரத்தில் மகள் இப்படிக் கேட்டால், "போக வேண்டாம்" என்றுதான் வாயில் வரும். பெண்ணின் முகம் வாடிவிடும். இல்லையா, அம்மணி?

1939-ம் ஆண்டில் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு கூடியது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி, தமக்கும் நண்பருக்கும் எதிர்கால உடைகளை முன்கூட்டியே தைத்துக்கொண்டு வந்தார்!

சென்னையிலும் 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் விழா நடந்தது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு அது ஊரின் மறுகோடி. ஆனாலும் மெட்ரோ ரயிலில் ஏறினால் ஆலந்தூரில் இறங்கலாம், அப்புறம் ஆட்டோ.

ஆகவே, விழாத் தேதி தெரிந்ததுமே காலண்டரில் குறியுங்கள். டிக்கெட்டுக்கு மாதாமாதம் சிறு தொகை எடுத்து வையுங்கள். பழைய புடவையில் உடை தைத்து, ஒரு வாரம் முன்பே போட்டுப் பாருங்கள். வீடு திரும்பும் நேரத்தையும் பேசி வையுங்கள். அப்போது, "போய் வா, கண்ணு" என்று தானே வாயில் வரும்!