சாரைப் பாம்பின் நடத்தை மாற்றங்கள்

நற்பிட்டிமுனைக்கு மேற்கேயுள்ள வயல்களில் பெரும்போகக் கதிர் முற்றுங்காலத்தில் எலிகள் பெருகுவதும், அவற்றைத் தேடிச் சாரைப் பாம்பு வரம்புகளில் உலவுவதும் கமக்காரர் அறிந்தனவே. சாரை நஞ்சற்றது. எனினும் அதன் நடத்தை திடீரென மாறும்போது நாகமென்றோ நோய்ப்பட்ட பாம்பென்றோ எண்ணி அதனை அடித்துவிடுகின்றனர்.

இம்மாற்றங்களுள் முதன்மையானது சட்டை கழற்றும் காலத்தில் நிகழ்வது. பாம்புக்குக் கண்ணிமை இல்லை. கண்ணை மூடியிருப்பது ஒளி புகும் ஒரு செதிலே. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் சுரக்கும்போது கண் பால்நிறமாக மங்கும். உடலும் ஒளி குன்றும். பார்வை குறைந்த பாம்பு இரை தேடாது ஒதுங்கிக் கிடக்கும்; நெருங்கினால் வழக்கத்துக்கு மாறாகச் சீறும். சில நாட்களில் கண் தெளியும். அதன் பின்னரே சட்டை கழலும். அமெரிக்காவில் வீடுகளில் வளர்க்கப்படும் சோளப் பாம்பு என்னும் எலியுண்ணிப் பாம்பிலும் இதனையே காணலாம். அங்கும் புதிதாக வளர்ப்போர் நோயென்று அஞ்சுவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் வயல்வாடியொன்றில் விதைநெல் மூடைகளின் பின்னே கண் மங்கிய சாரையொன்று மூன்று நாட்கள் கிடந்தது. குருட்டுப் பாம்பு கடித்தால் தப்ப முடியாதென்று கூறி அதனை அடித்துவிட்டனர். யான் சென்றபோது அது வேலியோரம் கிடந்தது. அடுத்த விதைப்புக்கு முன் இரண்டு மூடைகளை எலிகள் கடித்துச் சிதைத்திருந்தன. ஒரு சாரை எலிகள் அனைத்தையும் ஒழித்துவிடுமென்று யான் கூறேன். கூலியின்றிக் காவல் செய்த ஒன்றை இழந்தோம் என்பது மட்டும் உண்மை.

இரை விழுங்கிய சாரை வயிறு புடைத்து அசைவின்றிக் கிடக்கும். குளிர்ந்த காலையில் வரம்பில் வெயில் காய்வதும் சோம்பலன்று. உடல் சூடேறினாலன்றி அதனால் விரைந்தோட இயலாது. இரண்டு பாம்புகள் முன்னுடலை உயர்த்திப் பின்னிப் புரளக் கண்டால், சாரையும் நாகமும் இணைகின்றன என்பர். அது தவறு; பெரும்பாலும் அவை வலிமை காட்டிப் பொருதும் இரு ஆண் சாரைகளே.

மறிக்கப்பட்ட சாரை கழுத்தை உப்பவைத்து உறுமும். நாகம் கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக விரிக்கும். சாரையின் கழுத்தோ பக்கங்களில் ஒடுங்கி மேலும் கீழுமாகப் பருக்கும். சாரையின் பின்னுடலிலும் வாலிலும் கரிய குறுக்குக் கோடுகள் தோன்றும். வாலால் அடித்து நஞ்சேற்றும் என்பது வீண்பேச்சு.

ஒன்றை மறத்தலாகாது. நாகமும் புடையனும் சட்டை கழற்றுங்காலத்தில் இவ்வாறே கண் மங்கிக் கிடக்கும். ஆதலால் மங்கிய கண்ணை மட்டும் கொண்டு இனத்தைத் துணியற்க. ஐயமிருப்பின் நான்கைந்து முழம் விலகி நின்று, அது போக வழி விடுக. கடியுண்டால் கடிவாயைக் கீறாமலும் கயிற்றால் இறுக்கிக் கட்டாமலும், கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, அரசினர் வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்க.