தனியாகக் கப்பலேறுமுன்

கடலும் கரையும் – 9

உல்லாசக் கப்பல் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு விலை இருக்கும். அதன் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில் இன்னொரு வரி: 'ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கான கட்டணம்.' தனியாகப் போக நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சின்ன வரியைத்தான். கப்பல் நிறுவனத்துக்கு அறைதான் கணக்கு. ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் அந்த அறைக்கு இரண்டு கட்டணம் வந்தாக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் தனியாள் பெரும்பாலும் விளம்பர விலையின் இருமடங்கைக் கட்டுகிறார். விற்காமல் கிடக்கும் அறைகளைத் தள்ளிவிட வேண்டிய காலங்களில் சிலவேளை ஒன்றரை மடங்கோடு விடுவார்கள்.

ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இப்போது தனியாகப் போகலாமா என்ற கேள்வியோடு வருகிறவர்கள் ஒரு குறிப்பிட்ட தலைமுறை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கனடாவுக்கு வந்து, பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு வேலையும் செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர்கள். துணை இறந்திருக்கும், அல்லது துணைக்குப் பயணத்தில் விருப்பம் இருக்காது. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்காது. இவர்கள் தனியாகவேனும் போய்வர வேண்டும் என்பதே என் கட்சி. பணமும் பாதுகாப்பும் சரியாக இருந்தால் கப்பலைப் போல வசதியான தனிப்பயணம் வேறில்லை. பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் போதும், ஊர்கள் தாமாகவே வந்து சேரும்.

அலாஸ்கா போக ஆசைப்பட்ட ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "ரெண்டு பேரின்ர காசைக் கட்டி நான் ஒராள் போறது அநியாயம் இல்லையே, தம்பி?"

அநியாயம்தான். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஏழு இரவு, யன்னல் இல்லாத உள்ளறை, ஆளுக்கு 900 அமெரிக்க டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாள் கட்டுவது 1,800. துறைமுக வரியும் அரச வரியும் ஆள்கணக்கு, ஆகவே அது ஒருவருக்குத்தான். அதை 250 என்று வைப்போம். ஊழியருக்கான அன்பளிப்புப் பணமும் ஆள்கணக்கே. பெரிய நிறுவனங்கள் நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை எடுக்கின்றன. 17 படி ஏழு நாளைக்கு 119. மொத்தம் 2,169. இருவராகப் போயிருந்தால் தலைக்கு 1,269 வந்திருக்கும். தனியாள் இருமடங்கு கட்டுவது அடிப்படைக் கட்டணத்தை மட்டும்தான், முழுச் செலவில் அது சுமார் 1.7 மடங்காகிறது. அமெரிக்க டொலரில் அறவிடும் நிறுவனமானால், கனடியக் கடனட்டைகள் பெரும்பாலானவை நாணய மாற்றுக்காக இன்னொரு 2.5 வீதம் போடும். கனடிய டொலரில் விலை தரும் முகவரிடம் எடுத்தால் அது மிச்சம்.

தனியாளுக்கென்றே கட்டிய அறைகளும் உண்டு. 2010இல் ஓடத் தொடங்கிய நோர்வீஜியன் எபிக் கப்பலில் 128 ஸ்டூடியோ அறைகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி, எல்லோரும் கூடிப் பேச ஒரு தனி மண்டபம். இப்போது வேறு நிறுவனங்களும் அப்படிச் செய்கின்றன. அறைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் விலை சில வேளைகளில் சாதாரண உள்ளறையைத் தனியாக எடுப்பதைவிடவும் ஏறிவிடும். இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு அறையைப் பங்கிடுவது நல்ல வழி. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைசி வாரத்தில் அவருக்குச் சுகமில்லாமல் போனால், நீங்கள் போவதானால் தனியாள் கட்டணத்தின் மிச்சத்தை உங்களிடம் கேட்பார்கள். நல்ல பயண ரத்துக் காப்புறுதிகளில் இந்த மேலதிகப் பணத்தைக் கொடுக்கும் ஒரு பிரிவு உண்டு. வாங்கும்போது, "என்னோட வாறவ நின்றால் அறைக்காசு கூடும், அது இதுக்குள்ள வருமோ?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தனியாக அறை எடுப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காப்புறுதி செய்யும் தொகை விளம்பர விலையாக இருக்கக் கூடாது. நீங்கள் உண்மையில் கட்டிய முழுத்தொகையும், விமானச்சீட்டும் அதில் சேர வேண்டும். மேலே சொன்ன பயணத்தை 900 டொலருக்குக் காப்புறுதி செய்துவிட்டுக் கடைசி நாளில் ரத்துச் செய்தால், மீதி உங்கள் கையால் போகும்.

இனி உடம்புக்கு வருவோம். இரட்டைக் கட்டணத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சில் கால்வாசி கூட இதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா, அப்பாவை சுப்பர் விசாவில் கூப்பிடும்போது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்பது ரொறன்ரோத் தமிழர் எல்லோருக்கும் மனப்பாடம். தாங்கள் வெளிநாடு போகும்போது மட்டும் 'ஓஹிப் இருக்குத்தானே' என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் என்ன கொடுக்கிறது? வெளிநாட்டு வைத்தியசாலையில் அவசரமாக அனுமதிக்கப்பட்டால், தீவிர சிகிச்சை போன்ற உயர்நிலைப் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர், அதற்குக் குறைந்த பராமரிப்புக்கு 200 வரை. படுக்காமல் மருந்து எடுத்து வந்தால் நாளுக்கு 50 வரை. அமெரிக்க வைத்தியசாலையில் ஒரு நாள் படுக்கைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இந்தச் சிறு தொகையைக்கூட ஒன்ராறியோ அரசு 2020 ஜனவரியில் நிறுத்தியது. குளிர்காலத்தைத் தெற்கில் கழிக்கும் மூத்தோரின் சங்கம் வழக்குப் போட்டு, அதே வருடம் செப்டெம்பரில் நீதிமன்றத் தீர்ப்பால் திரும்பப் பெற்றது. நோயாளியை வெளிநாட்டிலிருந்து ரொறன்ரோவுக்குக் கொண்டுவரும் விமான அம்புலன்சுக்கு ஓஹிப் ஒரு சதமும் தராது. கனடிய அரசும் தராது, மருத்துவக் கட்டணங்களைத் தான் கட்டுவதில்லை என்று பயண அறிவுறுத்தலில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

கப்பலில் டொக்டர் இருப்பார், சிறிய மருத்துவ அறையும் இருக்கும். அங்கே பார்க்கும் ஒவ்வொன்றும் உங்கள் அறைக் கணக்கில் ஏறி, நீங்கள் பதிந்த கடனட்டையில் விழும். காப்புறுதி இருந்தாலும் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கடுமையான நோயென்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அலாஸ்காவின் ஜூனோவை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத் தலைநகர்தான், ஆனால் வெளியூருக்குத் தரைவழி கிடையாது. அங்குள்ள வைத்தியசாலையால் முடியாததற்கு சியாற்றிலுக்கோ ஆங்கரேஜுக்கோ விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே கப்பற்பயணக் காப்புறுதியில் நான் முதலில் தேடுவது அவசர மருத்துவ இடமாற்றம் என்ற பகுதியை.

அந்த அக்காவிடம் கடனட்டைக் காப்புறுதி இருந்தது. எடுத்துப் படித்தோம். 65 வயதுக்கு மேல் சில நாட்களுக்குத்தான் செல்லும் என்று இருந்தது, அவருக்கு 68. பல அட்டைகளில் இப்படித்தான், சிலவற்றில் 65க்குப் பிறகு மருத்துவக் காப்புறுதியே கிடையாது. தனியாக வாங்கப் போனபோது மருத்துவ வினாத்தாள் வந்தது. அவருக்குப் பிரஷர் குளிசை உண்டு. பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் டொக்டர் அதன் அளவைக் குறைத்திருந்தார். குறைத்தது நல்ல செய்திதானே என்று அவர் நினைத்தார். ஒப்பந்தத்தின்படி அது 'மாற்றம்'. ஏற்கெனவே உள்ள நோய் புறப்படுவதற்கு முன் 90 நாட்களோ, சில ஒப்பந்தங்களில் 180 நாட்களோ மாறாமல் நிலையாக இருந்திருக்க வேண்டும். மருந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், புதிய பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாலும் அந்த நிலைத்தன்மை போய்விடும். அந்த நோயால் வரும் செலவை அவர்கள் ஏற்கமாட்டார்கள். காப்புறுதி முகவர், நிறுவனத்திடம் நேராகக் கேட்டு, நிலைத்தன்மைக் காலம் குறைந்த, விலை கூடிய வேறொரு திட்டத்தைக் கொடுத்தார். அக்கா யன்னல் அறையை விட்டு உள்ளறைக்கு இறங்கி அந்தப் பணத்தைக் கட்டினார். சரியான முடிவு அது.

நம் வீடுகளில் இந்த வினாத்தாளை நிரப்புவது பெரும்பாலும் பிள்ளைகள். வேலை முடிந்து வந்து, இரவில் கணினிக்கு முன் இருந்து, 'இல்லை, இல்லை, இல்லை' என்று அழுத்திக்கொண்டு போவார்கள். அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுப் பரிசோதனை நடந்தது மகனுக்குத் தெரிந்திருக்காது, அம்மா சொல்லாமல் விட்ட குளிசை மகளுக்குத் தெரிந்திருக்காது. பணம் கேட்கும் நாளில் நிறுவனம் குடும்ப டொக்டரின் கோப்பைக் கேட்டு வாங்கும். பதில் பிழையென்று கண்டால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்க முடியும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. உங்கள் மருந்துக்கடையில் கேட்டால் கடந்த 12 மாதத்தில் கொடுத்த மருந்துகளைத் திகதி, அளவு விபரத்தோடு அச்சடித்துத் தருவார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். விளங்காத கேள்விக்கு டொக்டரிடம் விடை கேளுங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தபின் பெரும்பாலும் 10 நாட்களுக்குள், பயணம் தொடங்காவிட்டால், திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீளப் பெறலாம். அந்த நாட்களில் ஒருதரம் முழுக்க வாசியுங்கள்.

தனியாள் என்பதால் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, யார் தொலைபேசி எடுப்பது என்பதை. சிகிச்சைக்கு முன் உதவி மையத்துக்கு அழைக்க வேண்டும் என்று ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அழைக்காவிட்டால் சில நிறுவனங்கள் தொகையைக் குறைக்கும். மயங்கிக் கிடப்பவர் அழைக்க முடியாது, பக்கத்துக் கட்டிலில் துணையும் இல்லை. ஒப்பந்த எண், உதவி மைய எண், மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, ரொறன்ரோவில் இருக்கும் ஒருவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அறையில் ஒன்றும் கைப்பையில் ஒன்றுமாக வைக்க வேண்டும். வைத்தியசாலையில் படுத்தால் குடும்பத்தில் ஒருவர் வந்து பக்கத்தில் இருக்க விமானச்சீட்டுக் கொடுக்கும் பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. இருவராகப் போகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. தனியாளுக்கு அது முக்கியம்.

இதற்கு ஓர் உதாரணம்: 2024 மார்ச்சில் ஆபிரிக்கத் தீவு நாடான சாவோ தோமேயில் நோர்வீஜியன் டோன் கப்பல், தனியார் சுற்றுலாவுக்குப் போய் நேரம் பிந்திவந்த எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அந்தச் செய்தி உலகமெல்லாம் போனது. அதே தீவில் அதே கப்பலிலிருந்து நோயுற்று இறக்கப்பட்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். பிந்தியவர்களில் ஒரு தம்பதிதான் அவரை அடையாளம் கண்டு குடும்பத்தோடு தொடர்புபடுத்த உதவினார்கள். அப்படி ஒரு தம்பதி எல்லாத் துறைமுகத்திலும் இருக்கமாட்டார்கள்.

கொரோனாவின் தொடக்கத்தையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச் 9ஆம் திகதி உல்லாசக் கப்பல் பயணங்களைத் தவிர்க்கும்படி கனடா அறிவித்தது. மறுநாள், தொற்றுப் பரவிய கிராண்ட் பிரின்சஸ் கப்பலிலிருந்த 228 கனடியர் ஒன்ராறியோவின் ட்ரென்ரன் படைத்தளத்தில் வந்திறங்கி 14 நாள் தனிமையில் இருந்தார்கள். அரசு தவிர்க்கச் சொன்ன இடத்துக்கோ பயணத்துக்கோ அறிவிப்பின் பிறகு புறப்பட்டால், பல ஒப்பந்தங்கள் அது தொடர்பான செலவைத் தராது. பணம் கட்டும் நாளிலும் புறப்படும் நாளிலும் அரசின் பயண அறிவுறுத்தலைப் பார்த்துவிடுங்கள்.

நிறுவனமே மூடிப்போவதும் உண்டு. ரொறன்ரோத் துறைமுகத்திலிருந்தே பேரேரிப் பயணங்கள் இருக்கின்றன, வைக்கிங் நிறுவனம் 2022 முதல் இங்கே ஓடுகிறது. அதே ஏரிகளில் கப்பல் விட்ட அமெரிக்கன் குயின் வோயேஜஸ் 2024 பெப்ரவரியில் கடையை மூடியது. ஒன்ராறியோவில் பதிவுபெற்ற பயண முகவரிடம் வாங்கியிருந்தால், முகவரோ விமான, கப்பல் நிறுவனமோ முறிந்துபோகும்போது ஒன்ராறியோ பயணத்துறைச் சபையின் இழப்பீட்டு நிதியிலிருந்து ஆளுக்கு 5,000 டொலர் வரை கேட்கலாம். வெளிநாட்டு இணையத்தளத்தில் நேரே வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. முகவரின் பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கனடியப் பிரஜாவுரிமை எடுக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வன்கூவரில் ஏறி வன்கூவரிலேயே இறங்கினாலும் அலாஸ்கா அமெரிக்க மண். அமெரிக்க விசா இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள், அந்த நட்டத்தைக் காப்புறுதி பொதுவாக ஏற்காது.

தாயையோ தகப்பனையோ தனியாக அனுப்பத் தயங்கும் பிள்ளைகளிடம் கேட்பது இதைத்தான். ஒரு சனிக்கிழமை அவர்களோடு இருந்து, மருந்துப் பட்டியலை எடுத்து வைத்து, வினாத்தாளை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி நிரப்புங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மறிக்காமல் போகவிடுங்கள்.

(தொடரும்)