32 ஸ்டேஜ், 5 நிமிடத்துக்கும் குறைவான நேரம்: சிறுவயது மரியோவை ‘ஸ்பீடுரன்’ செய்வது எப்படி?

மே மாத லீவு. டிவி-யில் கனெக்ட் செய்த வீடியோ கேம் பெட்டி. படம் வரவில்லையா, மஞ்சள் கேசட்டை உருவி, அடியில் ‘ஃபூ’ என்று ஊதி, மறுபடி செருக வேண்டும். 90’ஸ் கிட்ஸ் பலருக்கு மரியோ அறிமுகமானது இப்படித்தான். ஆனால், கடைசிக் கோட்டைக்குப் போய் இளவரசியை மீட்டவர்கள் எத்தனை பேர்? தெருவுக்கு ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம்.

காரணம், கேம் அவ்வளவு கறார். 8 உலகங்கள், உலகத்துக்கு 4 என மொத்தம் 32 ஸ்டேஜ்கள். கையில் 3 உயிர்கள். ‘சேவ்’ வசதி கிடையாது. 7-ம் உலகம் வரை போய் உயிர்கள் தீர்ந்தால், திரும்பவும் 1-1.

அதே கேமை 5 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? முடிக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் ஸ்பீடுரன்.

ஸ்பீடுரன் என்றால் என்ன?

ஒரு வீடியோ கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியும் என்ற போட்டி. ஸ்கோர், காயின் எதுவும் கணக்கில்லை. கடிகாரம் மட்டும்தான் எதிரி.

1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’, இந்தப் போட்டியில் அதிகம் அலசப்பட்ட கேம்களில் ஒன்று. 1-1-ல் கேம் தொடங்கும்போது ஓட ஆரம்பிக்கும் கடிகாரம், 8-4-ல் பௌசருக்குப் பின்னால் இருக்கும் கோடரியை மரியோ தொட்டதும் நிற்கும். எந்த வழியில் போனாலும் சரி, முடித்தால் போதும் என்பது இதன் பிரபலமான பிரிவு.

ரெக்கார்டு எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். 2011-ல் 4 நிமிடம் 58 விநாடி. 2016-ல் 4:56. 2018-ல் 4:55. 2021 ஏப்ரலில் ‘நிஃப்ட்ஸ்கி’ என்ற பெயரில் விளையாடும் அமெரிக்க இளைஞர் 4:54.948-ல் முடித்து, 4:55-க்குக் கீழே வந்த முதல் ஆள் ஆனார். பத்து வருடப் போராட்டத்தின் பலன், சுமார் நான்கே விநாடி!

32 ஸ்டேஜையும் ஓட வேண்டாமா?

வேண்டாம். 1-2-ல் மேற்கூரை மீது ஏறி ஓடினால் வரும் ‘வார்ப் ஸோன்’ பைப்கள் பலருக்கும் நினைவிருக்கும். அங்கிருந்து நேராக 4-ம் உலகம். 4-2-ல் இன்னொரு வார்ப் ஸோன். அங்கிருந்து 8-ம் உலகம். ஆக, ஓட வேண்டியது 1-1, 1-2, 4-1, 4-2, 8-1, 8-2, 8-3, 8-4 என எட்டே ஸ்டேஜ்கள்.

“அட, இவ்வளவுதானா?” என்று தோன்றும். இங்கிருந்துதான் தலைவலியே ஆரம்பம்.

4-2-ல் அந்த வார்ப் ஸோனுக்குப் போக, மறைந்திருக்கும் செங்கல்லை முட்டி, முளைக்கும் கொடியைப் பிடித்து ஏற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ரன்னர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி வேற லெவல். ஒரு பைப்புக்குள் நுழைந்தால் எங்கே போக வேண்டும் என்பதை, மரியோ நிற்கும் இடத்தை வைத்து கேம் முடிவு செய்வதில்லை. திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கட்டைகளில் குறிப்பிட்ட விதத்தில் மோதினால், திரை நகர்வதைவிட மரியோ கொஞ்சம் முன்னால் தள்ளப்படுவார். அந்த நிலையில் அடுத்த பைப்பில் இறங்கினால், கேம் குழம்பி அவரைக் கொடி வழியாகப் போகும் இடத்துக்கே அனுப்பிவிடும்.

1-1-ன் முடிவிலும் இப்படி ஒரு தந்திரம் உண்டு. வழக்கமாக மரியோ கொடிக்கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி, கொடி கீழே இறங்கிய பிறகுதான் கோட்டைக்கு நடப்பார். கம்பத்தின் அடிக்கல்லில் மிகச் சரியான புள்ளியில் மோதினால், கொடி இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பிசகினாலும் வழக்கமான சறுக்கல்தான்.

0.35 விநாடி ரகசியம்

வேகமாக ஓடினால் வேகமாக முடிக்கலாம் என்பதுதானே நியாயம்? மரியோவில் அது முழு உண்மை இல்லை.

இந்த கேம் ஒரு விநாடிக்குச் சுமார் 60 ஃப்ரேம்கள் ஓடுகிறது. ஆனால், ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்ததற்குப் போக, 21 ஃப்ரேம்களுக்கு ஒருமுறை, அதாவது 0.35 விநாடிக்கு ஒருமுறைதான் கேம் அனுமதி தருகிறது. ரன்னர்கள் இதை ‘ஃப்ரேம் ரூல்’ என்கிறார்கள்.

டிராஃபிக் சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விழுந்ததும் வந்து நின்ற பைக்கும், பச்சை விழ ஒரு நொடி இருக்கும்போது வந்த பைக்கும் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். முன்னால் வந்தவருக்கு லாபம் இல்லை. கொஞ்சம் தாமதமாக வந்தவருக்கு நஷ்டமும் இல்லை. ஆனால், பச்சையை ஒரு நொடியில் தவறவிட்டவர் அடுத்த முறை வரை நிற்க வேண்டும்.

அதனால், ஒரு ஸ்டேஜில் 5 ஃப்ரேம் மிச்சம் பிடித்தும் கடிகாரத்தில் எதுவும் மாறாமல் போகலாம். இன்னும் ஒரே ஒரு ஃப்ரேம் மிச்சமானால், 0.35 விநாடி மொத்தமாகக் கையில் விழலாம். இந்த விதி செல்லுபடியாகாத இடம் கடைசி ஸ்டேஜான 8-4 மட்டும். அங்கே அடுத்த ஸ்டேஜ் இல்லை, சிக்னலும் இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் அப்படியே கணக்கில் சேரும்.

மனிதர்களால் இன்னும் குறைக்க முடியுமா?

மென்பொருள் உதவியோடு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் எந்த பட்டனை அழுத்துவது என்று நிதானமாகப் பதிவு செய்து உருவாக்கும் ‘பர்ஃபெக்ட்’ ஓட்டங்கள் உண்டு. அங்கே கை நடுங்காது, பதற்றம் இல்லை. அப்படிக் கிடைத்த நேரம் 4:54.265. 2023 செப்டம்பரில் நிஃப்ட்ஸ்கி தொட்டது 4:54.631. இடைவெளி அரை விநாடிகூட இல்லை. அதன் பிறகும் அந்த இடைவெளி துளித்துளியாகச் சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்?

வீட்டில் கேட்கும் கேள்வியும் இதுதான். “இதுல என்ன கிடைக்கும்?” பெரும்பாலான ரன்னர்களுக்குப் பணம் கிடைப்பதில்லை. 1-1-ல் சின்ன பிசகு என்றால் ரீசெட். 4-2-ல் என்றால் ரீசெட். எல்லாம் சரியாக வந்து 8-4-ல் ஒரு சுத்தியல் பட்டாலும் ரீசெட். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் பாதியில் செத்துக்கிடக்கின்றன.

ஆனால், சிறுவயதில் விளையாடியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்று சாகாமல் தப்பிப்பதுதான் இலக்கு. செத்தால், “கேம் ஏமாத்துது” என்று ரிமோட்டைத் தூக்கிப் போட்டோம். இன்று திரும்பி வருகிறவர்களுக்கு அதே இடத்தில் ஏன் செத்தோம், எந்தக் கட்டையில் எவ்வளவு தாமதித்தோம் என்று ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் தெரிகிறது. கேம் மாறவில்லை. பார்க்கிற கண் மாறியிருக்கிறது. ஆபீஸில் எதனால் சொதப்பியது என்றே தெரியாமல் போகும் நாள்களுக்கு நடுவே, தப்பு எங்கே என்று உடனே சொல்லிவிடும் ஒரு விஷயம் கிடைப்பது சின்ன ஆறுதல் இல்லை.

ஆட்டம் கூட்டு முயற்சியாகவும் மாறுகிறது. ஒருவர் கண்டுபிடித்த குறுக்குவழியை அடுத்தவர் மெருகேற்றுகிறார். 2010-ல் தொடங்கிய ‘கேம்ஸ் டன் குயிக்’ ஸ்பீடுரன் நிகழ்ச்சிகள், புற்றுநோய்த் தடுப்புக்கும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கும் நிதி திரட்டித் தருகின்றன.

நீங்களும் முயன்று பார்க்கலாமா?

* ‘நிண்டெண்டோ ஸ்விட்ச்’ ஆன்லைன் சந்தாவில் பழைய மரியோ இருக்கிறது. தனி கன்ட்ரோலர்தான் வேண்டும் என்பதில்லை. நிஃப்ட்ஸ்கி விளையாடுவதே கீபோர்டில்தான்.
* முதல் நாளே குறுக்குவழிகள் வேண்டாம். எட்டு ஸ்டேஜையும் சாகாமல் முடிப்பது முதல் இலக்கு. அடுத்தது, 6 நிமிடம்.
* ‘பி’ பட்டனை விடாமல் அழுத்தி ஓடப் பழகுங்கள். நிதானமாகத் தாண்டிய பள்ளங்கள் எல்லாம் இந்த வேகத்தில் புதுசாகத் தெரியும்.
* புது டிவி-க்களில் பட்டனை அழுத்தியதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவே சின்ன தாமதம் வரலாம். செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். அசல் கன்சோலில் ஓடும் ரன்னர்கள் பழைய குண்டு டிவி-யை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.
* கட்டைவிரலோ மணிக்கட்டோ வலித்தால் நிறுத்திவிடுங்கள். ரெக்கார்டு எங்கேயும் ஓடிவிடாது.

கடைசியாக ஒரு தகவல். உயிர்கள் தீர்ந்து முதல் திரைக்கு வந்ததும், ‘ஏ’ பட்டனை அழுத்திப் பிடித்தபடி ‘ஸ்டார்ட்’ கொடுத்தால், செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்தே தொடரலாம். ஸ்பீடுரனில் இதற்கு வேலை இல்லை, பயிற்சிக்கு உதவும். 1985-லிருந்தே கேமுக்குள் இருக்கிற வசதி இது.

ஒவ்வொரு முறையும் 1-1-லிருந்து ஆரம்பித்த அத்தனை மே மாதங்களுக்கும் இதை யாராவது சொல்லியிருக்கலாம்!