ஏரி காட்டும் வழி

தொண்டை நாட்டுத் தடங்கள் – 9

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரகடத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மூன்று பெண்கள். பேச்சில் தென்மாவட்ட வாசனை. விடுதியில் தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் அன்று ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு.

"ஒரு நாள்ல போயிட்டு வர்ற மாதிரி இங்க என்னக்கா இருக்கு? மகாபலிபுரம் போயாச்சு, காஞ்சிபுரத்துல சேலையும் எடுத்தாச்சு. மத்தபடி இங்க கம்பெனிதான், வேற ஒண்ணும் கிடையாதுன்னு சொல்றாங்க" என்றாள் ஒருத்தி.

பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்று விட்டுப்போன பதிலை இந்த வாரம் எழுதுகிறேன்.

அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே வடக்குப்பட்டு இருக்கிறது. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, வேட்டையாடி வாழ்ந்த மனிதர்கள் கற்கருவி செய்த இடம் தெரியவந்தது. அதற்கு மேலடுக்கில் ரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகள். பொருள் செய்வதும் கடல் கடந்த வியாபாரமும் இந்த மண்ணுக்குப் புதிதாக வந்தவை இல்லை.

இந்தப் பகுதியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பட்டியலோடு கிளம்புகிறார்கள். ஐந்து கோயில் பார்த்த பிறகு ஆறாவது மனதில் நிற்பதில்லை. நான் திட்டம் போடும்போது முதலில் ஏரிகளைக் குறித்துக்கொள்வேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இங்கே கிடையாது. பாலாறும் செய்யாறும் மழை பெய்தால்தான் புரளும். அதனால் கிழக்கே சரியும் நிலத்தில் பிறை வடிவில் கரை எழுப்பி மழையைத் தேக்கினார்கள். மதகு திறந்தால் வயலுக்குத் தண்ணீர். ஏரி நிரம்பினால் மிச்சம் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு. ஊர்களும் கோயில்களும் இந்தத் தண்ணீரை ஒட்டித்தான் எழுந்தன. ஏரியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவை தாமாகவே கோத்துக்கொண்டு வரும்.

மார்கழியும் தையும்தான் இதற்கு ஏற்ற மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஏரிகள் நிறைந்திருக்கும், பறவைகளும் வந்திருக்கும். ஒரகடத்தை விட்டு ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். கோயில்கள் பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். பறவைகளோ சாயங்காலம்தான் கூடு திரும்பும். இந்த இரண்டு கடிகாரங்களையும் வைத்துத்தான் வழியை வகுத்திருக்கிறேன்.

முதல் நிறுத்தம் வாலாஜாபாத் போகும் வழியில் தென்னேரி. மன்னன் தொண்டைமான் இளந்திரையன் பெயரால் இது திரையனேரி என்று இருந்ததாகச் சொல்வார்கள். கரைமேல் ஏறி நின்று மதகு எங்கே, கலங்கல் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் பார்க்கப்போகிறவற்றுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் அரிச்சுவடி.

வாலாஜாபாத்தில் டிபன் முடித்துப் பழைய சீவரம் வழியாகப் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு இந்தப் பக்கம் எழுந்தருள்வார். நான் உங்களை அழைத்துப்போவது ஆற்றங்கரையிலுள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவருக்கு. 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு அது. கோயிலோடு ஒரு பள்ளி, மாணவர்களுக்கு விடுதி, 15 படுக்கைகளோடு ஆதுலர்சாலை இருந்ததை அது சொல்கிறது. ஆதுலர்சாலை என்றால் ஆஸ்பத்திரி. மருத்துவர் ஒருவர், அறுவை சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கப் பெண்கள். யாருக்கு எவ்வளவு நெல் என்பதும், கைவசம் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. விடுதி மாணவர்களுக்குச் சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஒருவர் அந்தச் சுவர்முன் நின்றால், அந்த எண்ணெய்க் கணக்கின் அருமை அவருக்குத்தான் முழுசாகப் புரியும்.

அங்கிருந்து தெற்கே உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் படித்ததை விரலால் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. அப்படித் தேர்வானவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியைக் காப்பது அவர்கள் பொறுப்பு. பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. இவ்வூர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். அதில் தூர் வாருவதற்கென்றே பொன் கொடுத்தவர்களைப் பற்றியும் இங்கே கல்வெட்டுகள் உண்டு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குடவோலை போட்ட அந்தச் சபை பிராமணர்களுடையது. பெண்களுக்கு அதில் இடமில்லை, நிலமில்லாதவர்களுக்கும் இடமில்லை. அந்த ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்ததில்லை. கணக்குக் காட்டாதவர் பதவிக்கு வரக் கூடாது என்ற விதியை மட்டும் அந்தச் சுவரிலிருந்து நாம் எடுத்துக்கொள்வோம். அது எல்லோருக்கும் உரியது.

மதியச் சாப்பாட்டை உத்திரமேரூரிலேயே முடித்து, நான்கு மணிக்குள் வேடந்தாங்கல் சேர்ந்துவிடுங்கள். இதுவும் ஓர் ஊர் ஏரிதான். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். அதை அறிந்த ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் வாங்கினார்கள். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ராம்சர் ஈரநிலங்களாயின. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காவல் தொடங்கிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் நாலா பக்கமிருந்தும் பறவைகள் வந்து இறங்கும். அந்த நேரத்தில் சத்தம் போடாமல் கரையில் உட்கார்ந்திருங்கள். போன் பேச்செல்லாம் அப்புறம்.

திரும்புவதற்குப் படாளம் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி, செங்கல்பட்டு தாண்டி, எஸ்.பி. கோயில் என்கிற சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரகடம் பக்கம் திரும்ப வேண்டும். பஸ் மாறி மாறிப் போனால் ஒரே நாளில் இவ்வளவும் முடிவது கடினம். பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடித்தால் செலவும் குறையும், வழியில் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியும்.

எஸ்.பி. கோயில் சாலையில் நுழையும்போது நன்றாக இருட்டியிருக்கும். ஷிப்ட் மாறும் பெண்களை ஏற்றிய கம்பெனி பஸ்கள் எதிரே வரும். இரண்டு பக்கமும் தொழிற்கூடங்களின் வெள்ளை வெளிச்சம். நடுநடுவே விளக்கே இல்லாத அகன்ற இருட்டு வரும். தினம் தாண்டிப் போகும் இடம்தான். அன்றைக்கு மட்டும் ஜன்னலோரம் இருப்பவள் பக்கத்துத் தோழியை எழுப்பி, "இது ஏரிடி, கலங்கல் எந்தப் பக்கம் இருக்கும்னு சொல்லு பாப்போம்" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

அடுத்த வாரம் இன்னும் பக்கத்தில், ஒரு நாள்கூடத் தேவைப்படாத தூரத்தில்: பல்லவன் நரசிம்மவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் மோதிய மணிமங்கலம்.

(தடங்கள் தொடரும்)