பழைய வீடும் புதிய மின்சுமையும்

நுழையும்முன்

வீட்டின் மின்கம்பிகள் சுவருக்குள் மறைந்திருப்பவை. அவை எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பது அறியப்படாமலேயே ஆண்டுதோறும் அவற்றின்மீது புதிய சுமை ஏற்றப்படுகிறது. அந்தச் சுமையை அளந்து, மின்பலகையை மாற்றியமைக்கும் முறையை இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

சிதம்பரம் நடராசர் கோவிலைச் சுற்றியுள்ள நான்கு தேரோடும் வீதிகளை ஒட்டித் திண்ணையும் ரேழியும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. அத்தகைய வீடொன்றின் ரேழிச் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கும். மின் அளவியும், இரும்புப் பிடி வைத்த மெயின் சுவிட்சும், வெண்பீங்கானால் ஆன இரண்டு மூன்று பீஸ் கட்டைகளும் அதில் பொருத்தப்பட்டிருக்கும். அங்கிருந்து தேக்குச் சட்டங்களின்மீது அடிக்கப்பட்ட கம்பிகள் உத்தரத்தை ஒட்டி ஓடி, கூடத்துக்கும் அடுக்களைக்கும் கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்கும் பிரிந்து செல்லும். நாள்பட்ட ரப்பர் உறை காய்ந்து, விரல் பட்டால் உதிரும் நிலையில் இருப்பதும் உண்டு.

அமைக்கப்பட்ட காலத்தில் இவ்வமைப்பு குறையுடையதன்று. 1957ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மாநில மின்சார வாரியம் உருவானது. 1962இல் இதே மாவட்டத்தின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் முதல் 50 மெகாவாட் அலகு இயங்கத் தொடங்கியது. அக்காலத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மின்தேவை ஆறு குண்டு விளக்குகள், மூன்று மின்விசிறிகள், ஒரு வானொலிப் பெட்டி என்பதோடு முடிந்தது. எல்லாவற்றையும் ஒருசேர இயக்கினாலும் 600 வாட்டே ஆகும்.

அதன்பின் வீட்டுக்குள் வந்தவை பல. குளிர்பதனப் பெட்டி, நீரேற்று மோட்டார், வெந்நீர்க் கொதிகலன், குளிரூட்டி, தூண்டல் அடுப்பு என அவை ஒவ்வொன்றாக வந்தன. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லாப் பொருள்கள் திட்டத்தில் மின்விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் எளியோர் இல்லங்களையும் அடைந்தன. பொருள்கள் மாறினவே தவிர, ரேழியில் இருந்த பலகை பல வீடுகளில் மாறவில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் உறவினர் வந்து வீடு நிறையும் நாள்களில் அந்தப் பலகைதான் முதலில் சூடேறுகிறது.

பத்து மடங்கும் நூறு மடங்கும்

காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடைப்பட்ட நேரமே ஒரு வீட்டின் உச்சச் சுமை நேரம். கொதிகலன் 2000 வாட், தூண்டல் அடுப்பு 1800 வாட், துணி தேய்க்கும் பெட்டி 1000 வாட், மிக்சி 750 வாட், கிணற்று மோட்டார் 450 வாட் என்று கொள்வோமாயின் மொத்தம் 6000 வாட் ஆகிறது. வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். பழைய 600 வாட் சுமைக்கு 2.6 ஆம்பியர் போதும். இன்றைய 6000 வாட்டுக்கு 26 ஆம்பியர் தேவை.

மின்னோட்டம் பத்து மடங்காயிற்று என்பதோடு செய்தி முடிந்துவிடவில்லை. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயரும் என்பது ஜூல் கண்ட விதி. ஆகவே அதே கம்பியில் மின்னோட்டம் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்காகும். ஒரு கம்பி சற்றே கூடுதலான சுமையைப் பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணுவோர் இந்த இருமடியைக் கணக்கில் கொள்வதில்லை.

வெப்பம் கம்பி முழுவதும் சீராகப் பரவுவதுமில்லை. திருகாணியால் இறுக்கப்பட்ட இணைப்புகளிலேயே அது குவிகிறது. தளர்ந்தோ துருவேறியோ இருக்கும் இணைப்பொன்றின் மின்தடை 0.1 ஓம் மட்டுமே என்று கொண்டால், 2.6 ஆம்பியர் பாயும்போது அங்கு ஒரு வாட்டுக்கும் குறைவான வெப்பமே எழும். 26 ஆம்பியர் பாயும்போது 67 வாட் எழும். வானொலி பழுது பார்ப்போர் ஈயம் உருக்கக் கையாளும் சால்டரிங் கோலின் வெப்பத்துக்கு அது ஈடானது. காய்ந்த தேக்குச் சட்டத்தின்மேல் அது வேலை செய்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரமும் கிள்ளையும் பரங்கிப்பேட்டையும் கடலோரத்தில் உள்ளன. உப்பும் ஈரமும் கலந்த காற்று வீசும் இப்பகுதியில் செம்பு முனைகள் பச்சை பூப்பதும் இரும்புத் திருகாணிகள் துருப்பிடிப்பதும் உள்நாட்டு ஊர்களைவிட விரைவாக நிகழும். அலுமினியக் கம்பி இழுக்கப்பட்ட வீடுகளில் இடர் இன்னும் மிகுதி. அந்த உலோகம் திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தளர்வதோடு, மேற்பரப்பில் மின்கடத்தாத ஆக்சைடுப் படலத்தையும் உருவாக்கிக்கொள்கிறது.

காவலும் அதன் எல்லையும்

பீஸ் என்று மக்கள் வழங்கும் உருகி, கம்பிக்குக் காவலாக வைக்கப்பட்டது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் தான் உருகித் தொடர்பைத் துண்டித்துவிடும். அது அடிக்கடி உருகுகிறது என்றால் சுமை கூடிவிட்டது என்று பொருள். ஆனால் பல வீடுகளில் அச்செய்தி வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மெல்லிய இழைக்குப் பதிலாக நான்கைந்து செம்பிழைகளை முறுக்கிக் கட்டிவிடுகின்றனர். பிறகு பீஸ் போவதில்லை. உருக வேண்டியது உருகாததால், சுவருக்குள் உள்ள கம்பி உருகியின் வேலையை ஏற்றுக்கொள்கிறது.

இதே பிழை புதிய வடிவிலும் செய்யப்படுகிறது. பீங்கான் கட்டைகளை அகற்றிவிட்டு, பழைய கம்பிகளின் தலைப்பில் 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைப் பொருத்தி, வீடு நவீனமாகிவிட்டதாகக் கருதுவோர் உளர். எம்.சி.பி.யின் அளவு வீட்டின் தேவையைப் பொறுத்தது அன்று. அது காக்க வேண்டிய கம்பியின் தாங்குதிறனைப் பொறுத்தது. 15 ஆம்பியர் மட்டுமே தாங்கும் கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. வைப்பது காவலனை உறங்க வைப்பதற்குச் சமம்.

செருமனியின் மன்ஹைம் நகரில் ஊகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் 1924இல் காப்புரிமை பெற்ற சிறுவகை மின்முறிப்பானின் வழித்தோன்றலே இன்றைய எம்.சி.பி. இதனுள் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று, வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. மிகைச்சுமை நீடித்தால் பட்டை சூடாகி வளைந்து விசையைத் தட்டிவிடும். மற்றொன்று கம்பிச்சுருள். குறுக்குச் சுற்று நேர்ந்து மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்காகும்போது சுருள் காந்தமாகிக் கண்ணிமைப்பதற்குள் தொடர்பை முறிக்கும். மோட்டார் இயங்கத் தொடங்கும் கணத்தில் சற்று மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பது இயல்பு. அதைப் பொறுத்துக்கொள்ளும் 'சி' வகையும், விளக்குகளுக்கு ஏற்ற, விரைந்து முறியும் 'பி' வகையும் தனித்தனியே கிடைக்கின்றன.

உயிர் காக்கும் 30 மில்லி ஆம்பியர்

எம்.சி.பி. கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. இவ்வேறுபாடு பலரும் அறியாதது. உறை கிழிந்த கம்பியை ஈரக்கையால் தொடுபவரின் உடல் வழியே நிலத்துக்குப் பாயும் மின்னோட்டம் 100 அல்லது 200 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கக்கூடும். இதயத் துடிப்பைக் குலைக்க அதுவே மிகுதி. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு சிறு விளக்கின் மின்னோட்டமாகவே தோன்றும். அது முறியாது.

அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லசு டால்சியல், மின்சாரம் மனித உடலில் விளைவிக்கும் மாற்றங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பிடித்த கம்பியைத் தாமே விட்டுவிடக்கூடிய மின்னோட்டத்தின் எல்லை ஆடவர்க்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் என்றும், மகளிர்க்கு ஏறத்தாழ 10.5 மில்லி ஆம்பியர் என்றும் அவர் கண்டறிந்தார். அதற்கு மேல் தசைகள் இறுகிக் கை கம்பியைப் பற்றிக்கொள்ளும். 1961இல் அவர் உருவாக்கிய கசிவு உணர் கருவியும் இன்று ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் கருவியும் ஒரே கொள்கையில் இயங்குபவை. பேஸ் கம்பியில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்து திரும்பினால், குறைந்த பகுதி எங்கோ ஓர் உடலின் வழியாகவோ ஈரச் சுவரின் வழியாகவோ நிலத்துக்குச் செல்கிறது என்று பொருள். கருவி நொடியின் ஒரு சிறு பகுதியில் தொடர்பைத் துண்டித்துவிடும்.

மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 5 கிலோவாட் முதலான இணைப்புகளுக்கு இத்தகைய கசிவுக் காப்பைக் கட்டாயமாக்கின. பின்னர் அந்த வரம்பு மேலும் குறைக்கப்பட்டது. எனினும் இக்கருவிக்கும் எல்லை உண்டு. உலர்ந்த மரப்பலகைமேல் நின்றுகொண்டு ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொடுபவரை இது அறியாது. அவருடைய உடலும் ஒரு விளக்கைப் போலவே அதற்குத் தோன்றும்.

பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி.யைப் பொருத்திய நாளிலேயே அது ஓயாமல் முறிவதுண்டு. கூடத்து விளக்கின் நியூட்ரல் அடுக்களையின் நியூட்ரலோடு எங்கோ கலந்திருக்கும். அல்லது எர்த் கம்பியையே நியூட்ரலாக எவரோ ஒருகாலத்தில் பயன்படுத்தியிருப்பர். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்தாலும் கசிவு ஏற்படும். தொல்லை தாங்காமல் கருவியைக் கழற்றிவிடும் வீட்டார், சுவர் உரைத்த உண்மையைக் கேளாமல் விடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

ஒருமுனை இணைப்பில் பேஸ் கம்பிக்குச் சிவப்பு, நியூட்ரல் கம்பிக்குக் கறுப்பு, எர்த் கம்பிக்குப் பச்சை உறை இடுவது நம் நாட்டு வழக்கம். மும்முனை இணைப்பில் மூன்று பேஸ்களும் சிவப்பு, மஞ்சள், நீலம். பழைய வீடுகளில் கம்பியின் நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்தல் கூடாது.

முதலில் கம்பி, பிறகு பெட்டி

மின்பலகை மாற்றம் கடையில் பெட்டி வாங்குவதில் தொடங்குவதில்லை. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் வாட் அளவையும் எழுதிக் கூட்டுவதில் அது தொடங்குகிறது. அடுத்து, மெக்கர் எனப்படும் அளவியால் கம்பி உறைகளின் காப்புத்தடை சோதிக்கப்படும். அது ஒரு மெகா ஓமுக்கும் கீழே இருந்தால் அந்தக் கம்பி மாற்றப்பட வேண்டியதே.

புதிய கம்பிகள் தனித்தனிச் சுற்றுகளாக இழுக்கப்படுகின்றன. விளக்கு, விசிறிச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும். மூன்று துளைப் பெரிய பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும் 16 ஆம்பியரும் பொருந்தும். கொதிகலனுக்கும் குளிரூட்டிக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனித்தனிச் சுற்று வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அதற்குரிய நியூட்ரல் தனியே பெட்டி வரை வருவது இன்றியமையாதது.

எர்த் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கொல்லையில் நட்ட குழாய் துருப்பிடித்து அற்றுப்போயிருந்தாலும் விளக்கு எரியும், விசிறி சுழலும். எனவே எவரும் அதை நினைப்பதில்லை. கொதிகலனின் உலோக உடலில் மின்சாரம் ஏறும் நாளில்தான் அதன் இன்மை தெரியவரும். நல்ல எர்த் இருந்தால், ஒருவர் தொடுவதற்கு முன்னரே கசிவு நிலத்துக்குச் சென்று ஆர்.சி.சி.பி.யை முறித்துவிடும். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட இவ்வட்டாரத்தின் ஈரமான களிமண் மின்சாரத்தை எளிதில் ஏற்பது. ஆனால் அதே ஈரம் குழாயை அரிக்கவும் செய்யும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. மெயின் சுவிட்சை அணைத்த பின்னரும் மின்கலத்திலிருந்து வரும் கம்பிகளில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரும் அணைக்கப்பட்ட பிறகே பெட்டியைத் திறத்தல் வேண்டும். மின் அளவியும் அதன் முத்திரையும் மின்பகிர்மானக் கழகத்துக்கு உரியவை. அவற்றை வீட்டாரோ மின்பணியாளரோ தொடுவதற்கில்லை. பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்சுமைக்கு விண்ணப்பித்து, கழகப் பணியாளர் மின்சாரத்தை நிறுத்திய பின், தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளர் செய்ய வேண்டிய பணி இது.

மும்முனை இணைப்பு

சுமை குறிப்பிட்ட வரம்பைக் கடந்தால் ஒருமுனை இணைப்பு மும்முனையாக மாற்றப்படும். 6000 வாட் மூன்றாகப் பிரிந்தால் ஒவ்வொரு முனையிலும் 8.7 ஆம்பியரே பாயும். அடுப்பு ஒரு முனையிலும் கொதிகலன் மற்றொன்றிலும் குளிரூட்டி மூன்றாவதிலும் அமைந்தால்தான் இந்தப் பயன் கிட்டும். மூன்றையும் ஒரே முனையில் தொங்கவிட்டால் மும்முனை இணைப்பு பெயரளவில் நின்றுவிடும்.

இவ்விணைப்பில் நியூட்ரல் அறுந்துபோவது பெருங்கேடு. பேஸ்களுக்கு இடையேயான 400 வோல்ட், இரு முனைகளில் உள்ள கருவிகளுக்கிடையே சமமின்றிப் பங்கிடப்படும். சுமை குறைந்த முனையில் மின்னழுத்தம் 300 வோல்ட்டையும் தாண்டித் தொலைக்காட்சியையும் குளிர்பதனப் பெட்டியையும் எரித்துவிடும். புயற்காற்றில் மேல்நிலைக் கம்பிகள் அறும்போது இது நிகழக்கூடும். மிகை மின்னழுத்தத்தை உணர்ந்து தொடர்பை முறிக்கும் கருவி ஒன்றைப் பெட்டியில் சேர்ப்பது இம்மாவட்டத்துக்கு ஆடம்பரமன்று. 2011 டிசம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் மாவட்டமெங்கும் மின்கம்பங்கள் வீழ்ந்தன.

பெட்டி அமையும் இடம்

2015 நவம்பரில் பெய்த பெருமழையில் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. தாழ்வாக வைக்கப்பட்ட பிளக்குகளிலும் பெட்டிகளிலும் நீர் புகுந்துவிட்டால், வடிந்தவுடன் மின்சாரத்தை ஏற்றுதல் கூடாது. உலர்த்தி, மெக்கரால் சோதித்த பின்னரே ஏற்ற வேண்டும். ஆகவே புதிய பெட்டி, வீட்டார் அறிந்த உயர்ந்த வெள்ளக் கோட்டுக்கும் மேலாக, கண்மட்ட உயரத்தில் அமைதல் நலம். குளியலறைச் சுவரும் அடுப்புக்கு மேலுள்ள சுவரும் அதற்கு ஆகாதவை. நாட்காட்டி மாட்டி மறைப்பதற்கு ஏற்ற இடமாகவும் அது இருத்தல் கூடாது. இருட்டில் தடவிச் சென்று அணைக்க வேண்டிய பொருள் அது.

பெட்டிக் கதவின் உட்புறம், எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு உரியது என்று தமிழில் எழுதி ஒட்டப்படும். ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் வீடு முழுவதும் இருண்டுவிட வேண்டும். இருளவில்லை எனில், அன்றே மின்கம்பியாளரை அழைக்க வேண்டும்.