ஃப்ரீசர் பட்டாணியில் சத்து இருக்கிறதா?

குளிர்காலம் போனால் பச்சைப் பட்டாணி வரத்தும் குறைந்துவிடும். பிறகு குருமாவுக்கும் பிரியாணிக்கும் ஃப்ரோசன் பாக்கெட்தான். ஆனாலும், 'ஐஸில் கிடந்த காயில் என்ன சத்து இருக்கப்போகிறது?' என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது.

பறித்ததுமே தொடங்கும் இழப்பு

செடியைவிட்டுப் பிரிந்ததுமே பட்டாணியின் இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வைட்டமின் சி-யும் குறைகிறது. லாரி, மார்க்கெட், கடை என்று சில நாள் வாடியபின் நம் கைக்கு வருவதைத்தான் 'ஃப்ரெஷ்' என்கிறோம்.

ஆலையிலோ, பறித்த சில மணி நேரத்தில் உரித்து, கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கியெடுத்து, குளிரவைத்து, வேகமாக உறைய வைக்கிறார்கள். காயின் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் நொதிகளை அந்தக் கொதிநீர் முடக்கிவிடும். வைட்டமின் சி-யிலும் ஃபோலேட்டிலும் ஒரு பகுதி அப்போதே போய்விடுவது உண்மைதான். ஆனால் மைனஸ் 18 டிகிரிக்குப் போனபின் இழப்பு மிக மெதுவாகிவிடும். புரதமும் நார்ச்சத்தும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். 100 கிராமில் புரதம் மட்டும் சுமார் 5 கிராம்.

சத்தை வீணாக்குவது நாம்தான்

பாக்கெட்டை மணிக்கணக்கில் வெளியே வைத்து இளகவிடுகிறோம். பிறகு நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சிங்கில் கொட்டுகிறோம். நீரில் கரையும் வைட்டமின்கள் அதோடு போய்விடும். ஏற்கெனவே பாதி வெந்த காய் இது. தாளிப்பில் வெங்காயம் வதங்கியதும், பட்டாணியை உறைந்தபடியே வாணலியில் போட்டு மூடுங்கள். அதிலுள்ள ஐஸே உருகி நீர்விடும். சில நிமிடங்களில் நிறம் மாறாமல் வெந்துவிடும். குருமாவில் கடைசியில் சேர்த்தால் போதும்.

பச்சையாகச் சாப்பிட வேண்டாம்

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவில், உறைந்த மக்காச்சோளத்தோடு தொடர்புடைய லிஸ்டீரியா கிருமித் தொற்றில் உயிரிழப்புகளே நேர்ந்தன. சாலட்டுக்கானாலும் வேகவைத்தே சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது

பாக்கெட்டைக் குலுக்கினால் பட்டாணி தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இறுகியிருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கலாம், எடுக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸையும் நக்கெட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றில் எண்ணெயும், பெரும்பாலும் உப்பும் சேர்த்திருப்பார்கள். கீரையும் முருங்கைக்காயும் தெருவிலேயே அன்றாடம் கிடைக்கும் ஊரில், அவற்றை ஃப்ரீசரில் தேட வேண்டிய அவசியமும் இல்லை.