மேஸ்திரிக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் கூலி கேட்கலாம்

“மேஸ்திரிக்கு லைசென்ஸ் கிடையாது, அவர் போன இடம் தெரியவில்லை, இனி யாரிடம் கேட்பது?” என்று வாரக்கணக்கில் உழைத்த கூலியைக் கைவிட்டுவிடும் சித்தாள்களும் பெரியாள்களும் கட்டட வேலையில் ஏராளம். கேட்க வழி இருக்கிறது.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, 20 பேரை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்ததாரர் முன்பு உரிமம் எடுத்தாக வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 50 ஆக உயர்த்திவிட்டது. கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள் என முப்பது நாற்பது பேரைத் திரட்டி வரும் மேஸ்திரிக்கு இனி உரிமம் தேவையில்லை. இது தொழிலாளிக்குப் பின்னடைவு என்றே நினைக்கிறேன். கூலி பாக்கி அதிகம் விழுவது இத்தகைய சிறு குழுக்களில்தான். உரிமம் இருந்தால் அந்த ஆளின் பெயரும் முகவரியுமாவது அரசிடம் இருக்கும்.

ஆனால் விலக்கு உரிமத்துக்கு மட்டும்தான், கூலிக்கு இல்லை. குறைந்தபட்ச ஊதியம் ஒரே ஒரு ஆளை வைத்தாலும் பொருந்தும். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலை நடந்த நிறுவனத்தின் உரிமையாளரே தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்புச் சட்டம். பாக்கியைக் கேட்டு மனுச் செய்ய மூன்று ஆண்டுகள் அவகாசமும் உண்டு.

பெரிய தளங்களில் ஒரு தந்திரம் நடக்கிறது. இருநூறு பேரை ஐந்தாறு மேஸ்திரிகளிடம் பிரித்துக் கொடுத்து, “யாரிடமும் 50 பேர் இல்லை” என்று கணக்குக் காட்டுவார்கள். இதனால் மேஸ்திரி உரிமத்திலிருந்து தப்பலாம். கட்டுமான நிறுவனம் தப்ப முடியாது. அந்தத் தளத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் எல்லோரையும் சேர்த்து 50 பேர் இருந்தால் போதும்; குடிநீர், கழிப்பறை போன்ற வசதிகளும் ஒப்பந்ததாரர் வைத்த கூலி பாக்கியும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. உரிமம் எடுத்திருக்க வேண்டிய ஒப்பந்ததாரர் எடுக்காமல் ஆள் விட்டிருந்தால், அந்தத் தொழிலாளர்கள் நேரடியாக நிறுவனத்தின் ஆட்களாகவே கருதப்படுவார்கள். இது தொழிலாளியின் கையில் இருக்கும் வலுவான பிடி.

பத்துப் பேருக்குக் குறைவாக நடக்கும் வேலைக்கும், 50 லட்ச ரூபாய்க்குள் சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டுக்கும் கட்டுமானத்துக்கென்றே உள்ள பாதுகாப்பு விதிகள் பொருந்தா. அங்கே சாரம் ஏறுபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

உரிமை இருந்தும் தோற்பவர்கள் பெரும்பாலும் ஆதாரம் இல்லாமல்தான் தோற்கிறார்கள். தளத்தின் வாசலில் இருக்கும் நிறுவனப் பெயர்ப்பலகையை முதல் நாளே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வந்த நாள், பேசிய கூலி, சனிக்கிழமை கொடுத்த செலவுக் காசு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். செல்போன் வழியே பணம் வாங்குவது நல்லது. அந்தப் பதிவே சாட்சி. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் நலவாரியத்தில் பதிவு செய்யலாம். அதற்கு மேஸ்திரியின் லைசென்ஸ் வேண்டியதில்லை.

கூலி வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனுவில் மேஸ்திரியின் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். வழக்கறிஞர் உதவி தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே கட்டணம் இல்லை. தொலைபேசி எண் 15100.